நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை

"மகன் ஆசையா வாங்கித் தந்த, நீண்ட நேரம் ஓடுற லாங்-பிளே ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, பழைய கனத்த இசைத்தட்டுங்கதான் வேணுமா, மிஸஸ் பெரோ?"

"ஆமா மிஸ்டர் டாலி. நம்ம வூஸ்டர் ஊர்க்காரர் எழுதின அதே சிம்பொனி. எங்க பழைய செட்டு தேய்ஞ்சுபோச்சு."

கடைக்காரர் டாலிக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தட்டுகளை இப்போது யாரும் சீந்துவதில்லை.

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை இசை அறுந்துபோகும். எழுந்துபோய்த் திருப்பிப் போடணும். இந்த லாங்-பிளேன்னா உங்க வீட்டுக்காரர் ஆர்தர் சாய்ஞ்சு உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே கேட்கலாம். அவருக்கு அவ்வளவு பிடிவாதமா?"

"பிடிவாதம் எனக்குத்தான்," என்றாள் வினிஃப்ரெட் பெரோ. "பக்கவாதம் வந்ததிலேருந்து, டாக்டர் நடக்கச் சொன்னா அசையமாட்டார். ஆனா அந்த மெதுவான பகுதி பாதியில நின்னா பொறுக்கமாட்டார். நான் சமையலறையில காது கேட்காத மாதிரி இருந்துடுவேன். என்னைத் திட்டிக்கிட்டே கைத்தடியை ஊன்றி எழுந்து, தானே திருப்பிப் போட்டுடுவார். கிராமபோனை அவர் நாற்காலியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி, இப்ப தோட்டத்துக் கதவுகிட்டக் கொண்டுவந்துட்டேன்."

டாலி ஏணியை எடுத்துவந்து மேல் அலமாரியில் சாய்த்தார்.

"மிஸ்டர் டாலி, ஏறுறதுதான் ஏறுறீங்க, இதைவிட நிறையத் தட்டு இருக்கிற சிம்பொனி ஏதாவது இருந்தா, அதையும் எடுத்துத் தர்றீங்களா?"