முகம் மறைத்த மனு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் ரெண்டு கண்ணும் அவிந்து போகட்டும். சத்தியமாக நடந்தது.

ஆணுக்கு ஆண் துணை தேடித் தருகிற செல்போன் செயலி ஒன்று. அதன் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. அங்கே 'வாத்தியார்' என்று ஒருவர். அவர் முறைத்தால் கணினி தானாக அணைந்துவிடும்.

'கறுப்பு ஆட்கள் வேண்டாம்' என்று எவனாவது எழுதினால் போதும், அவன் கணக்கைக் காலத்துக்கும் மூடிவிடுவார். நிறம் பார்த்து வருவது விருப்பம் இல்லை, வெறுப்பு என்பார். அலுவலகமே தலையாட்டும்.

புகாரில் பெயர், படம் எதுவும் தெரியாது. யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாதே என்று மறைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் வாத்தியார்தான்.

அன்றைக்கு ஒரு புகார். ஒரு மாதம் உருகி உருகிப் பேசியிருக்கிறான் ஒருத்தன். எதிராளி தன் முகத்தைக் காட்டியதும், உங்கள் நிறத்து ஆட்கள் எனக்குச் சரிப்பட்டு வராது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இவன் எழுதிவிட்டுக் காணாமல் போய்விட்டான்.

வாத்தியாருக்கு வந்ததே கோபம். இவனுங்க எல்லாம் ஒரே அச்சு என்று திட்டிக்கொண்டே அவன் கணக்கை மூடினார்.

சாப்பாட்டு நேரத்தில் தன் செல்போனைத் திறந்தார். செயலி உள்ளே விட மறுத்தது. அவர் மூடியது அவருடைய கணக்கைத்தான்.

அடுத்தவன் எழுதியதாக நினைத்து வாசித்ததில் தன் வரி தனக்கே அடையாளம் தெரியவில்லை. தான் எழுதியபோது அது வெறும் விருப்பமாக அல்லவா இருந்தது!

வீட்டில் அக்கா அவருக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவராக இருக்க முடிந்த இடம் அந்தச் செயலி ஒன்றுதான். கழிவறைக்குள் போய் நின்று, கெஞ்சி ஒரு மனு அனுப்பினார்.

ஒருவர் மூடியதை இன்னொருவர்தான் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது விதி. மனு பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே இருந்தவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர், வாயே திறக்க மாட்டார் என்பதால். கன்னங்கரேலென்று இருப்பார். வாத்தியாரின் நியாயத்தை அந்த அலுவலகத்தில் அதிகம் நம்பியவர் அவர்தான்.

ரேடியோ திரும்பினார். "அண்ணே, கறுப்புன்னு ஒருத்தர ஒதுக்கினவன் மன்னிப்புக் கேக்குறான். எங்கிட்டயும் நாலு பேர் அப்படிச் சொல்லியிருக்காங்க. ஆனாலும் படிச்சா பாவமா இருக்கு. இந்த ஆளுக்கு வேற போக்கிடம் இல்லன்னு தோணுது. விட்டுடலாமாண்ணே?"

அறை முழுக்க வாத்தியாரையே பார்த்தது. ஒரு தலையசைப்பு போதும். ஆனால் இன்றைக்கு மட்டும் மனசு ஏன் இளகியது என்று கேட்பார்களே.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவனுங்களுக்கெல்லாம் பாவம் பாக்காதீங்க. மூடுங்க."

ரேடியோ தயங்கித் தயங்கித்தான் மூடினார்.

இதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். வாத்தியார் அழுதுகொண்டே சொன்னது என் ஒருத்தனிடம்தான்.