முனியாண்டியின் பாரிட்டோன்

“சோப்ரானோ, கான்சர்ட், டெனர்னு மூணு சைஸுக்கும் கம்பிச் சுருதி ஜி-சி-இ-ஏ. உங்க உகுலேலே மட்டும் ஏங்க வேற மாதிரி கேக்குது? சைஸும் பலாப்பழம் மாதிரி!” என்றாள் தேவகி.

“இது பாரிட்டோன்லா. பெரிய சைஸுக்கு டி-ஜி-பி-இ!” முனியாண்டி விடவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் உகுலேலே குழுவின் தலைவி அவர் மனைவி தேவகிதான். நாலு கம்பி வாத்தியமான உகுலேலே தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. சனிக்கிழமைதோறும் வீட்டில் தனியாகக் கிடந்து சலித்துப்போன முனியாண்டி, எப்படியாவது சேர்ந்துவிடத் துடித்தார்.

தேவகி மீட்டிப் பார்த்தாள். சுருதி சுத்தம்.

“சரி, சேர்ந்துக்குங்க... இருங்க, நாலு கம்பிக்கு எதுக்கு ஆறு டியூனிங் கீ?”

முனியாண்டி அசடு வழிந்தார். மகனுடைய சின்னக் கிட்டாரில் தடித்த கம்பி இரண்டையும் காலையில்தான் கழற்றியிருந்தார்.

“மிச்ச நாலும் அதே டி-ஜி-பி-இ தானே தேவி? சேத்துக்கோயேன்!”

தேவகிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் முடிவு சொல்லவில்லை. வாசகர்களே, அவரைச் சேர்க்கலாமா, வேண்டாமா? நீங்களே பதில் எழுதுங்கள்.