முப்பது படி வித்தியாசம்

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பக் கூடாது. முன்கூட்டியே பார்த்தால் கண் கூசிவிடும். கடைசி விளிம்பு மறையும்போது ஒரே ஒரு நொடி பச்சையாக மின்னுமே, அது அப்புறம் தெரியாது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. முட்டம் பாறையில், முப்பது படி மேலே, கறுப்புக் கண்ணாடியோடு கணவர் சங்கரபாண்டி. அலையும் படத்தில் வர வேண்டும் என்று இவள் கீழே. சூரியன் நூலாகும்போது அவர் கத்த வேண்டும். இவள் சட்டென்று திரும்பி, முக்காலியில் நிற்கும் கேமராவின் மூடியைக் கழற்றி அழுத்த வேண்டும்.

ஆறு நாள் கத்தினார்.

ஆறு நாளும் இவள் திரும்பினால் வெறும் கடல்.

ஆறு நாளும் சண்டைதான். "தூங்கிட்டீங்களா?" என்று நேற்று இவள் கேட்டதில், மனிதர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இன்று கடைசி நாள். நாளைக்குப் பள்ளிக்கூடம். இருவருக்கும் ஒரே பள்ளி. அவர் தமிழ், இவள் அறிவியல்.

இன்றைக்காவது ஒழுங்காகக் கத்துகிறாரா பார்ப்போம் என்று அவரையே முறைத்தபடி நின்றாள்.

காலடியில் பாறை மங்கியது. அவள் கையும் மங்கியது.

மேலே அவர் சட்டையில் மட்டும் இன்னும் மஞ்சள் வெயில் இருந்தது.

அவர் இன்னும் கத்தவில்லை.

தூரத்துக் கப்பலில் முதலில் கொடிமரம்தான் தெரியும், ஏனென்றால் பூமி உருண்டை என்று வருஷா வருஷம் போர்டில் படம் போடுகிறவள் இவள். உயரத்தில் நிற்பவருக்குக் கடல் இன்னும் கொஞ்ச தூரம் தெரியும். சூரியனும் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.

அட மண்டு!

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இரண்டிரண்டு படியாகத் தாவினாள். சுண்டல் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது.

கடைசிப் படியில் கால் வைக்கவும், அவர் அவள் காதிலேயே கத்தினார்.

"இப்ப!"

திரும்பினாள்.

பச்சை.

வாழைக்குருத்துப் பச்சை. ஒரு நகக்கீற்று அளவு. வந்தது, போய்விட்டது.

கேமரா கீழே முக்காலியில் நின்றது, மூடியைக்கூடக் கழற்றாமல்.

ஆறு நாள் அவரைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூச்சு வாங்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தாள். தலைமையாசிரியைக்கு மெசேஜ் அடித்தாள்.

மேடம், கடும் காய்ச்சல். நாளை வர இயலாது.

அவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் சேத்துப் போடு."