பூங்கோதையின் வாய்மொழித் தேர்வு

இப்போதெல்லாம் இயந்திரமே ஆய்வேடு எழுதித் தந்துவிடுகிறது என்பதால், எதிரே அமர்ந்து பதில் சொல்பவருக்கே முனைவர் பட்டம் என்று விதி மாறியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரம் என் மனைவி பூங்கோதை இறந்தாள். அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு நான் போனேன்.

“அவங்களே எழுதினாங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்றார் தேர்வாளர்.

அவளுடைய நெறியாளர் சற்குணம் சாரைப் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் எழுத எழுதத் திருத்திக் கொடுத்தவர்.

“நீங்க பாத்தீங்கல்ல, சார்?”

“எழுதி முடிச்ச பேப்பரைத்தான் பாத்தேன், தம்பி.”

தேர்வாளர் ஆய்வேட்டை மூடி ஓரமாக வைத்தார்.

வழக்கப்படி வந்தவர்களுக்கு இனிப்பு வாங்கிப் போயிருந்தேன். தட்டை நீட்டினேன். சற்குணம் சார் ஒன்றை எடுத்துப் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார்.

“சாப்பிடுப்பா. ரொம்ப இளைச்சுட்ட.”