வலது சக்கரம்

இடது சக்கரத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் வலதைத் தொட்டேன்.

அது என் கணவரின் சட்டம். பிரேக் ஷூ மாற்றும்போது ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைக் கழற்றக் கூடாது. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று மறந்துபோனால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"பரீட்சையில பக்கத்து பெஞ்சு மாதிரி," என்பார். பதினாறு வருஷம் அவருக்கு விளக்குப் பிடித்தே நான் கற்ற வேலை இது.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறை அவரே மீறினார். பத்து மாதத்துக்கு முன், கார் பந்தயத்தன்று காலை. நேரமில்லை என்று இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றிவிட்டார். நான் அப்போது, பந்தயம் ஓட்டுபவர்களுக்கு விதிகளைச் சொல்லும் கூட்டத்தில் இருந்தேன்.

அன்று மதியம் ஏழாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது.

இடது இருக்கையில் உட்கார்ந்து, வளைவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

வந்து பார்த்த அதிகாரிகள் பெடலை அழுத்தினார்கள். கெட்டியாக இருந்தது. பிரேக்கில் பழுதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஷூக்களை மூடியிருக்கும் டிரம்மை யாரும் கழற்றவில்லை.

பிரேக்கில் பழுதில்லை என்றால் மிச்சம் இருப்பது என் கை.

துக்கம் கேட்க வந்தவர்கள்கூட எழுந்து போகும்போது என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவருடைய தம்பி ஒருவன்தான் முகத்துக்கு நேராகச் சொன்னான். "பயந்துட்டீங்க அண்ணி. கை இழுத்துடுச்சு."

எப்போது சொன்னாலும் என் பதில் ஒன்றுதான். "என் கை நேராத்தான் இருந்துச்சு."

வண்டியின் நசுங்கிய உடம்பைத் தட்டி நிமிர்த்தக் கொடுத்தேன். சக்கரங்களில் மட்டும் கை வைக்க விடவில்லை. இடது கதவு வேறொரு வண்டியுடையது, வேறு நிறம். வர்ணம் அடிக்கட்டுமா என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு, துணையாள் இல்லாமல் ஓட்டும் பிரிவில் பேர் கொடுத்தேன்.

தடுத்து நிறுத்தத்தான், நான் ஷூ மாற்றிய அன்று காலை, தம்பி வந்திருந்தான். ஷெட் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அந்த வண்டியை நேராகப் பார்க்க அவனால் முடிவதில்லை.

"வித்துடுங்க அண்ணி. இல்லேன்னா அதுல கோழி வளத்துக்குங்க. ஓட்ட மட்டும் வேண்டாம்."

"வளக்கலாம் தம்பி. ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

வலது டிரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் கழன்று வந்தது. உள்ளே இருந்த கரித்தூளை ஈரத்துணியால் துடைத்தேன்.

துடைத்த கை அப்படியே நின்றது.

எங்கள் வண்டியில் சக்கரத்துக்கு இரண்டு ஷூ. ஒன்றில் லைனிங் என்கிற உராயும் பட்டை குட்டை, மற்றதில் நீளம். குட்டையானது முன்பக்கம் வர வேண்டும். மாற்றி மாட்டினாலும் கச்சிதமாக உட்காரும், பெடலும் கெட்டியாகவே இருக்கும். முழு வேகத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் அந்தச் சக்கரம் பாதி பிடிக்கும், எதிர்ச் சக்கரம் முழுசாகப் பிடிக்கும். வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும்.

இங்கே குட்டை பின்னால் இருந்தது.

எழுந்து இடது பக்கம் போய், மாட்டிய டிரம்மை உருவிப் பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தேன். மறுபடியும் போனேன்.

முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாவி மனுஷா, வாய் கிழியச் சட்டம் பேசினாயே.

அதன் பிறகுதான் உறைத்தது. என் கை இல்லை.

ஊரையே கூப்பிடலாம் போலிருந்தது. பழுதில்லை என்று எழுதிய அதிகாரிகளை, என் கையைப் பார்த்துவிட்டுப் போன அத்தனை பேரையும், இந்தச் சக்கரத்தின் முன் வரிசையாகக் குந்தவைத்துக் காட்டலாம். முதலில் வாசற்படியில் இருப்பவனை. தம்பி, இங்க வந்து பாரு என்று வாயெடுத்தேன்.

அவன் முந்திக்கொண்டான். திரும்பாமலேயே பேசினான்.

"அந்தப் பக்கம் பாத்துக் கழட்டுங்க அண்ணி. அது நான் மாட்டினது. டிரம்முக்குள்ள அண்ணன் என்னைக் கை வைக்க விட்டதே அந்தப் பந்தயத்தன்னிக்குத்தான். மூடினதும் முதுகுல தட்டிக் குடுத்தாரு."

என் கையில் குறடு இருந்தது.

மேல் ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்தேன். டக்கென்று விட்டது. அடுத்ததும் விட்டது. இரண்டு ஷூவும் கையோடு வந்துவிட்டன. கழற்றிய பிறகு எது முன்னால் இருந்தது, எது பின்னால் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இடது பக்கத்துப் பழையவை கிடந்த டின்னிலேயே அவற்றையும் போட்டேன்.

புதியவற்றை மாட்டினேன். குட்டை முன்னால், நீளம் பின்னால்.

டின்னில் விழுந்த சத்தம் கேட்டு அவன் எழுந்து வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு, நான் மாட்டினது?"

"கச்சிதமா இருந்துச்சு."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே பழைய பல்லவிக்கு வந்துவிட்டான். "அப்ப ஞாயித்துக்கிழமையாவது கைய நேரா வச்சு ஓட்டுங்க."

"என் கை நேராத்தான் இருந்துச்சு."

பத்து மாதமாகச் சொல்லிவந்த அதே பதில். உண்மை என்று தெரிந்து சொன்னது அன்றுதான் முதல்முறை.

அவன் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வலது சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தான்.

நட்டுகளை நான் முறுக்கினேன்.