பன்னிரண்டாவது உலகம்

"வேணாம் எலியானா. அந்தக் கவரைப் பிரிச்சா நீதான் உக்காந்து அழுவ," என்றான் ஓஸ்வால்தோ, ரொட்டியில் அவகாடோவைத் தடவிக்கொண்டே.

சிலி நாட்டின் லா செரேனா வானியல் ஆய்வுக்கூடத்தில் மாலைத் தேநீர் நேரம். மேசை மேல் முத்திரையிட்ட உறை கிடந்தது.

ஒரு நட்சத்திரத்தின் ஒளி சீரான இடைவெளியில் லேசாக மங்கினால், ஏதோ கிரகம் அதைக் கடக்கிறது என்று இவர்கள் கணிப்பார்கள். கணிப்பவர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்க, ஆண்டுதோறும் ஜனவரியில் ஆய்வுக்கூடத்தின் தலைவரான முதியவர் தோன் பல்தசார் பதிவுகளுக்குள் சில பொய்க் கிரகங்களைக் கலந்துவிடுவார். அவற்றின் பட்டியல் உறைக்குள் இருக்கும்.

இந்த ஆண்டு பதினொன்று சிக்கின. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெப்பம், தண்ணீர் தங்கும் தூரம். கிழவருக்குச் சோம்பல், ஒரே அச்சில் எம்பனாதாப் பலகாரம் வெட்டி வைத்திருக்கிறார் என்று சிரித்தபடி, உறையைப் பிரிக்காமலேயே அவற்றைத் தள்ளுபடி செய்தார்கள். ஆகஸ்டில் அவரைப் புதைத்தார்கள்.

எலியானா கண்டது பன்னிரண்டாவது. அதுவும் அதே அளவு, அதே வெப்பம். ஆனாலும் அவளால் விட முடியவில்லை. இந்த மாதத்தோடு அவள் வேலை முடிகிறது. கிரகம் நிஜமானால்தான் நீட்டிப்பு. அது மட்டுமல்ல. நான்கு மாதங்களாக அந்த உலகத்தின் கடலைக் கற்பனையில் கேட்டுக்கொண்டேதான் அவள் கண் மூடுகிறாள். இறந்துபோன ஒருவரின் வேடிக்கையையா இத்தனை நாளாக நேசித்தேன் என்ற கேள்வி, வேலையை விட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது.

"இயற்கை இப்படி ஒண்ணு மாதிரியே இன்னொண்ணைச் செய்யாதும்மா," என்றான் ஓஸ்வால்தோ. இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "அவர் வேலைதான் இது. மறந்துடு."

அவள் உறையைக் கிழித்தாள். ஒரே ஒரு தாள். நடுங்கிய கையெழுத்து. வாய்விட்டுப் படித்தாள்.

"மன்னிச்சிடுங்க பிள்ளைங்களா. ஜனவரி முழுக்க ஆஸ்பத்திரியில கிடந்தேன். இந்த வருஷம் நான் எதையும் கலக்கல."

எலியானா சிரித்தாள், கண்ணில் நீர் முட்டியது. அவள் கடல் நிஜம்.

ஓஸ்வால்தோ சிரிக்கவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, தள்ளுபடி செய்த பதினொன்றையும் ஒவ்வொன்றாக மீட்டு, அவளுடையதன் பக்கத்தில் அடுக்கினான். இம்மி வித்தியாசமில்லாத பன்னிரண்டு உலகங்கள்.

"அவர் செய்யலன்னா," என்றான் மெதுவாக, "இதையெல்லாம் யாரு செஞ்சு வச்சது?"