வயலட் தோட்டம்

கௌரிசங்கர் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை; ஆனாலும் ரோவில் என்னும் வெளிநாட்டுப் புறநகரில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே ஆறு தேசங்களைத் தோண்டிப் போட்டிருக்கிறார். ஏழாவதாக இப்போது உக்ரைன் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. போருக்கு ஆயுதம் கொடுத்த பெரிய நாடு, அந்த மண்ணுக்கடியில் இருப்பதில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எங்கெங்கே சுரங்கம் வெட்டலாம் என்று பார்த்து, அந்த இடங்களை வரைபடத்தில் வயலட் பேனாவால் நிரப்புவது இவர் வேலை. சாம்பார் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஒக்சானா அதன்மேல் குனிந்து நிற்கிறாள். மாலை வெயிலில் ஊர்ந்துபோன அவள் விரல் ஓரிடத்தில் நிற்கிறது. “என் கிராமம்!” என்று ஆங்கிலத்தில் கத்துகிறாள். “அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.” கௌரிசங்கரின் மனைவி கிரிஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “என்னங்க, அவங்க ஊராம்! அது என்ன வயலட்டு? தோட்டமா?” கௌரிசங்கர் காபி டம்ளரை நகர்த்தி, நிறங்களுக்கு விளக்கம் எழுதிய மூலையின்மேல் வைக்கிறார். காது சுடுகிறது, அந்தச் சூட்டில் நாலு பேருக்குத் தோசை வார்க்கலாம். “ஆமா,” என்கிறார், “தோட்டந்தான்.” கிரிஜா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஒக்சானாவின் கண் கலங்குகிறது. “சரியாகப் போட்டிருக்கிறாய், கௌரி. ஆனால் அம்மாவின் தோட்டம் ஆறு வரைக்கும் போகும். இன்னும் கொஞ்சம் நீட்டேன்.” ஆற்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். “பாவம், ஆசையாக் கேக்கறாங்க, போடுங்களேன்,” என்கிறாள் கிரிஜா. கௌரிசங்கர் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். ஆற்றங்கரை வரைக்கும், கோடு தாண்டாமல், அழகாகவே பூசுகிறார்.